பெரிய நாவல், சிறிய பதிப்பு: சுருக்க நூல்களை ஏன் மதிக்க வேண்டும்?

விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட 'லே மிசரபிள்' நாவலில் வாட்டர்லூ போருக்கு மட்டும் 19 அத்தியாயங்கள் இருக்கின்றன. இரண்டாம் பாகத்தைத் திறந்ததும் அதுவரை நாம் பின்தொடர்ந்து வந்த மனிதர்கள் எல்லோரும் மறைந்துபோகிறார்கள். போர்க்களத்தின் மேடு பள்ளம், முந்தைய இரவு பெய்த மழை, சேற்றில் நகர மறுத்த பீரங்கிகள், பள்ளத்தில் சரிந்து விழுந்த குதிரைப்படை என்று பக்கம் பக்கமாகப் போகிறது. கதைக்கு வேண்டிய செய்தி கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. இருட்டில் பிணங்களின் பைகளைத் துழாவிக்கொண்டிருக்கும் ஒரு திருடன், குற்றுயிராகக் கிடக்கும் ஓர் அதிகாரியை வெளியே இழுத்துப் போடுகிறான். அவரோ அவன் தன் உயிரைக் காப்பாற்ற வந்தவன் என்று நம்பிவிடுகிறார். பின்னால் வரும் பெரிய திருப்பங்கள் சில இந்தத் தவறான நன்றிக்கடனில்தான் வேர் கொண்டிருக்கின்றன.

இந்த 19 அத்தியாயங்களுக்குள் எங்கோ ஓர் அடையாளச் சீட்டைச் செருகிவிட்டு, அந்தப் புத்தகத்தை மறுபடி தொடாதவர்கள் நிறையப் பேர். வாசிப்பை விட்டுவிட்டதாகச் சொல்லும் நண்பர்களிடம் கொஞ்சம் பொறுமையாகப் பேசிப் பார்த்தால், பலருக்கும் இப்படி ஒரு புத்தகம் இருக்கும். சிறுவயதில் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தவர்கள்தாம் அவர்கள். வேலை, குடும்பம், கைப்பேசி என்று நாள் சிதறிப்போன பிறகு, 'படித்தால் பெரிய புத்தகமாகத்தான் படிக்க வேண்டும்' என்று ஒரு தடித்த நூலை எடுத்திருப்பார்கள். அது பாதியில் நின்றுபோகும். அதை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது என்று ஒரு கூச்சம். கடைசியில் எதையுமே தொடுவதில்லை. இவர்களிடம் சுருக்கப் பதிப்பைப் படிக்கச் சொன்னால், பரீட்சைக்கு நோட்ஸ் படிப்பதைப் போல அதை ஒரு குறுக்குவழியாக நினைத்து முகம் சுளிக்கிறார்கள்.

அந்தச் சுளிப்புக்கு நியாயமில்லை என்பது என் எண்ணம். நல்ல சுருக்கம் மொழிபெயர்ப்பைப் போல ஒரு தனிக் கலை. அதில் தேர்ந்தவர்கள் உண்டு, சொதப்பியவர்களும் உண்டு. அவர்களைப் பிரித்தறிவதற்கான அளவுகோலும் நம் மொழியில் எப்போதோ எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

நன்னூல் ஒரு நூலுக்கு இருக்கவேண்டிய பத்து அழகுகளைச் சொல்லும்போது முதலில் வைப்பது 'சுருங்கச் சொல்லல்'. இருக்கக்கூடாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது முதலில் வைப்பது 'குன்றக் கூறல்'. இரண்டிலும் சொல் குறைவுதான். ஒன்றில் பொருள் முழுதாக நிற்கிறது, மற்றதில் பொருள் குறைந்துபோகிறது. ஒரு சுருக்கப் பதிப்பைக் கையில் எடுத்தால் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றே: இது சுருங்கியிருக்கிறதா, குன்றியிருக்கிறதா?

இதே ஹ்யூகோவின் நாவலிலேயே ஓர் இடத்தை வைத்துப் பார்க்கலாம். ழான் வல்ழான் என்ற விடுதலையான கைதி, தங்க இடம் கொடுத்த பாதிரியாரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். போலீசார் பிடித்து வருகிறார்கள். 'நானே கொடுத்தவைதான், இந்த விளக்குத் தண்டுகளை ஏன் விட்டுவிட்டுப் போனாய்?' என்று பாதிரியார் அவற்றையும் எடுத்துக் கொடுக்கிறார். எந்தச் சுருக்கத்திலும் இந்தக் காட்சி இருக்கும், இல்லாவிட்டால் நாவலே இல்லை. மூலத்தில் இதற்கு முன்னால் 14 அத்தியாயங்கள் முழுக்க அந்தப் பாதிரியாரைப் பற்றியே வருகின்றன. அவருடைய வரவு செலவுக் கணக்கு, மாளிகையை மருத்துவமனைக்குக் கொடுத்துவிட்டுச் சிறிய வீட்டுக்கு மாறியது, மலைக் கிராமங்களுக்குப் போனது, மரணத் தறுவாயில் இருந்த ஒரு பழைய புரட்சிக்காரரைச் சந்தித்தது என்று நீளும். வல்ழான் இன்னும் கதைக்குள்ளேயே வந்திருக்க மாட்டான். சுருக்குபவரின் கத்திரி முதலில் பாய்வது இங்கேதான், அதில் தவறும் இல்லை.

ஆனால் அந்த 14 அத்தியாயங்களுக்கு நடுவே ஒரு சின்னச் செய்தி இருக்கிறது. எல்லாவற்றையும் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்ட பாதிரியாரிடம் பழைய வாழ்வின் மிச்சமாக இருப்பவை ஆறு பேருக்கான வெள்ளிக் கரண்டிகளும் முள்கரண்டிகளும், ஒரு பெரிய அகப்பையும், பாட்டி முறை உறவினர் ஒருவர் வழி வந்த இரண்டு வெள்ளி விளக்குத் தண்டுகளுமே. வெள்ளியில் சாப்பிடும் பழக்கத்தை மட்டும் விடுவது தனக்குக் கஷ்டம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். இதைப் படித்துவிட்டுத் திருட்டுக் காட்சிக்கு வருபவருக்குப் புரியும்: வல்ழான் எடுத்துப் போனது அந்த மனிதரிடம் எஞ்சியிருந்த ஒரே ஆசையை. திருட்டு தெரிந்த காலையில், அது ஏழைகளின் சொத்து, இத்தனை நாள் தான் வைத்திருந்ததுதான் தவறு என்று அவர் சொல்லும்போது அவருக்குள்ளும் ஏதோ ஒன்று முடிவுக்கு வருகிறது. நல்ல சுருக்குநர் 14 அத்தியாயங்களை மூன்று பக்கமாக்கினாலும் இந்தச் செய்தியை விடமாட்டார். அவசரக்காரர் இதையும் சேர்த்து வெட்டிவிடுவார். அவருடைய பதிப்பிலும் அதே காட்சி இருக்கும், பாதிரியார் ஒரு நல்ல மனிதர் என்பதும் தெரியும். ஆனால் அந்த நன்மைக்கு அவர் கொடுத்த விலை தெரியாது.

சுருக்குவது இவ்வளவு நுட்பமான வேலை என்றால் முதலில் ஏன் அவ்வளவு நீளமாக எழுதினார்கள் என்ற கேள்வி வரும். பல பெரிய நாவல்களுக்குக் காரணம் பத்திரிகை. அலெக்சாந்தர் டூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' 1844 முதல் 1846 வரை பாரிஸ் நாளிதழ் ஒன்றில் தொடராக வந்தது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை வாரம் தவறாமல் வந்து ஐந்து பாகங்களாக நிறைந்தது. வாரப் பத்திரிகையின் வாசகர் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழு நாள் வாழ்ந்துவிட்டு வருகிறார். அவருக்கு முன்கதையை நினைவூட்ட வேண்டும். கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன் ஒட்டுக்கேட்ட சதியாலோசனையைப் பின்னால் பிறரிடம் அவன் மறுபடி சொல்ல நேர்வது கதைக்கு மட்டும் தேவையானதல்ல, நடுவில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகருக்கும் தேவையானது. நூலாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு அந்த நினைவூட்டல்கள் வேண்டியதில்லை. ஆக, தொடர்கதையைச் சுருக்குபவர் செய்வது பாதிக்கு மேல் இந்த வேலையைத்தான்: வாரக்கணக்கில் படித்தவர்களுக்காக எழுதியதை, நாள் கணக்கில் படிப்பவர்களுக்கு ஏற்ப மாற்றுகிறார்.

அங்கேயும் குன்றிப்போகும் ஆபத்து உண்டு. 'பொன்னியின் செல்வன்' திரைப்படமாக வந்த 2022, 2023ஆம் ஆண்டுகளில் மூலமும் சுருக்கங்களும் சேர்ந்தே புதிய வாசகர்களைத் தேடிப் போயின. படத்துக்கு முன் கதையைத் தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவர் நேரே கடம்பூர்ச் சதிக்குத் தாவ நினைப்பார். மூலமோ ஓர் ஆடிப்பெருக்கு மாலையில், வீரநாராயண ஏரிக்கரையில், களைத்த குதிரைமேல் வரும் ஓர் இளைஞனோடு தொடங்குகிறது. ஏரியின் எழுபத்து நான்கு கணவாய்களிலும் வெள்ளம் பாய்கிறது. ஊர் ஊராக மக்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு கரைக்கு வந்திருக்கிறார்கள். சதிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் சோழ நாட்டின் மேல் வாசகருக்குக் காதல் வருவது இந்தக் கரையில்தான். அந்தக் காதல் இல்லாமல் அரியணைக்கு யார் வந்தால் என்ன? என்னைக் கேட்டால், ஐந்து பாகங்களையும் ஒன்றாக்கினாலும் இந்த முதல் அத்தியாயத்தில் கை வைக்கக்கூடாது.

தமிழில் சுருக்குவது புதிதாக வந்த பழக்கமும் அல்ல. தொல்காப்பிய மரபியல், முதல்நூல் ஒன்றைப் பின்பற்றி எழும் வழிநூலின் வகைகளைச் சொல்லும்போது, 'தொகுத்தல் விரித்தல் தொகைவிரி மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தலொடு' என்று அடுக்குகிறது. மொழிபெயர்ப்பும் சுருக்கமும் ஒரே வரிசையில், ஒரே மரியாதையோடு நிற்கின்றன. அதிலும் முதல் இடம் தொகுத்தலுக்கு. பாரதக் கதை ஒன்றே இதற்குப் போதிய சான்று. வில்லிபுத்தூரார் அதைப் பத்துப் பருவங்களில் 4,300 சொச்சம் பாடல்களாகச் சுருக்கிப் பாடினார். அது போதவில்லை என்று 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை ஏறத்தாழ 14 ஆயிரம் பாடல்களாக விரித்தார். தமிழ் உலகம் இரண்டையும் ஏற்றுக்கொண்டது.

20ஆம் நூற்றாண்டிலும் அதே கதை இரண்டு திசைகளில் போனது. கும்பகோணத்தில் ம.வீ. இராமானுஜாசாரியார் கால் நூற்றாண்டு உழைத்து, பண்டிதர்களைக் கொண்டு பதினெட்டுப் பருவங்களையும் முழுமையாகத் தமிழில் பதிப்பித்தார். அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் கை கூப்பத் தோன்றுகிறது. அதன் பிறகு ராஜாஜி 'கல்கி'யில் 'வியாசர் விருந்து' எழுதினார். மூலத்தின் ஆதிபருவம் சூதர் முனிவர்களுக்குக் கதை சொல்வதில் தொடங்கி, நூலின் பொருளடக்கம், பாம்பு வேள்வி, கருடன் கதை, குல வரிசை என்று பல பத்து அத்தியாயங்கள் கடந்த பிறகே சந்தனு மன்னனிடம் வருகிறது. ராஜாஜியோ வியாசர் சொல்லச் சொல்ல விநாயகர் எழுதியதைச் சொல்லிவிட்டு, அடுத்து நேரே சந்தனுவின் மகன் தேவவிரதனிடம், அதாவது பின்னாளின் பீஷ்மரிடம், வந்துவிடுகிறார். (பல சுவடிகளை ஒப்பிட்டுப் புனே பண்டார்க்கர் நிறுவனம் உருவாக்கிய செம்பதிப்பு, விநாயகர் எழுதிய கதையைப் பிற்சேர்க்கை என்று மூலத்திலிருந்து ஒதுக்கிவிட்டது. ராஜாஜி அதை வைத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். வீட்டில் பாட்டி கதையைத் தொடங்குகிற இடமும் அதுவே.) பாண்டவர்கள் நீர் குடிக்கப் போய் ஒவ்வொருவராக விழுகிற பொய்கைக்கரையில் அவர் நிற்கிறார், யட்சனின் கேள்விகளுக்கு இடம் கொடுக்கிறார். போர் முடிந்த பிறகு பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடந்து சொல்லும் அறிவுரைகள் சாந்தி, அநுசாசன பருவங்களாக மூலத்தின் ஏறக்குறைய கால்பங்கை எடுத்துக்கொள்கின்றன. ராஜாஜி அதை மிகச் சுருக்கமாகக் கடந்துவிடுகிறார். எங்கே நிற்பது, எங்கே கடப்பது என்ற இந்தத் தீர்மானங்களால்தான் அது ராஜாஜியின் நூலாகிறது. இராமாயணத்தை அதே வகையில் எழுதிய 'சக்கரவர்த்தித் திருமகன்' நூலுக்கு 1958இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மூலத்தைக் கண்ணாகக் காத்தவர்களே சுருக்கத்தையும் எழுதினார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஏட்டுச் சுவடியின் ஒவ்வோர் எழுத்துக்கும் பாடபேதம் தேடிய உ.வே. சாமிநாதையர் 1898இல் 'மணிமேகலை'யைப் பதிப்பித்தபோது, அதோடு கதைச் சுருக்கத்தையும் உரைநடையில் எழுதிச் சேர்த்தார். காப்பியம் அறியாதவர் கதையைப் பிடித்துக்கொண்டு பாடலுக்குள் போகட்டும் என்ற அக்கறை அதில் தெரிகிறது. அவரை விடவா நமக்கு மூலத்தின் மேல் பக்தி?

ஆங்கிலத்தில் இந்த வகையின் மிகப் புகழ்பெற்ற நூல் நம் ஊர்ப் பள்ளிகளுக்குள்ளும் வந்து சேர்ந்தது. சார்லஸ் லேம்பும் அவருடைய அக்கா மேரி லேம்பும் சேர்ந்து 1807இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் கதைகள் அது. 20 நாடகங்களைச் சிறுவர்களுக்கான உரைநடைக் கதைகளாக்கினார்கள். பதினான்கு கதைகள் மேரி எழுதியவை, சோக நாடகங்கள் ஆறும் சார்லஸ் எழுதியவை. ஆனாலும் முதல் பதிப்பின் முகப்பில் மேரியின் பெயர் இல்லை. இயன்ற இடங்களில் ஷேக்ஸ்பியரின் சொற்களையே கையாளுவது என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட நெறி. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு மேற்பட்டவர்கள் ஷேக்ஸ்பியரை முதலில் சந்தித்தது இப்படிப்பட்ட 'நான்-டீடெயில்' புத்தகத்தில்தான். மனப்பாடச் செய்யுளும் இலக்கணமும் வாட்டிய வகுப்பில் அந்த மெல்லிய துணைப்பாட நூல் மட்டும் கதைக்காகவே இருந்தது. பள்ளி திறந்த வாரத்திலேயே, ஆசிரியர் நடத்தும் முன்பே, அதை முழுக்கப் படித்து முடித்துவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்! வாசிப்பின் இன்பம் என்று இன்று நாம் தேடுவது அந்த வாரத்தில் நமக்கு இருந்ததுதானே.

அதே 1807இல் இங்கிலாந்தில் வேறு ஒரு ஷேக்ஸ்பியரும் வெளியானது. பௌட்லர் குடும்பத்தார், குடும்பத்தோடு உரக்கப் படிக்கத் தகாதவை என்று தாங்கள் கருதிய வரிகளையெல்லாம் நீக்கிப் பதிப்பித்தார்கள். இது சுருக்கம் அல்ல, தணிக்கை. நீளம் குறைவதால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒருவர் வாசகரின் நேரத்தை நினைத்து வெட்டுகிறார், மற்றவர் வாசகரின் ஒழுக்கத்தைத் தான் காக்க வேண்டும் என்று வெட்டுகிறார். சுருக்க நூல்களுக்கு இன்றுவரை இருக்கும் கெட்ட பெயரில் ஒரு பங்கு இந்த இரண்டாம் வகையால் வந்தது.

அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் நிறுவனம் 1950இல் தொடங்கிய சுருக்க நாவல் தொகுதிகளையும் சொல்ல வேண்டும். ஒரே கெட்டி அட்டைக்குள் நான்கைந்து நாவல்கள். 1997 வரை அந்தப் பெயரிலேயே வந்தன. நம் நகரங்களின் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் அவை கிடைக்கும். அவற்றில் எல்லா எழுத்தாளர்களும் ஒரே நடையில் எழுதுவதுபோல ஒரு சமதளம் வந்துவிடும், அது உண்மையான குறை. ஆனாலும் எத்தனையோ வீடுகளில் இருந்த ஒரே நூலக அடுக்கு அதுதான்.

கதை அல்லாத நூல்களில் சுருக்கத்தின் பயன் இன்னும் தெளிவு. மானிடவியலாளர் ஜேம்ஸ் ஃபிரேசர், தொன்மங்களையும் சமயச் சடங்குகளையும் பற்றி 12 தொகுதிகளாக விரிந்த தம் 'பொற்கிளை' ஆய்வை 1922இல் ஒரே தொகுதியாகச் சுருக்கி வெளியிட்டார். பெரும்பாலோர் அறிந்தது அந்த ஒரு தொகுதியைத்தான். வரலாற்றாசிரியர் டாயின்பி நாகரிகங்களின் எழுச்சி வீழ்ச்சியைப் பற்றி எழுதிய ஆறு தொகுதிகளை டி.சி. சாமர்வெல் என்ற பள்ளி ஆசிரியர் தம் ஆர்வத்தினாலேயே சுருக்கி முடித்துவிட்டு, அதன் பிறகே ஆசிரியருக்குத் தெரிவித்தார். 1946இல் வெளியான அந்தச் சுருக்கம் டாயின்பியைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியது.

எல்லாவற்றையும் சுருக்கிவிட முடியுமா? முடியாது. சம்பவங்களால் நடக்கும் நூல் சுருக்கத்தைத் தாங்கும், வாக்கியத்தின் ஓசையிலும் இடைவெளியிலும் உயிர் வைத்திருக்கும் நூல் தாங்காது. மௌனியின் கதையில் ஒரு பத்தியை எடுத்தால் கதை குறைவதில்லை, கலைந்துவிடுகிறது. தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நீண்ட நாவல்தான். கும்பகோணத் தெருக்களில் பாபு அலைவதும், ரங்கண்ணாவின் வீட்டில் தம்பூரா மீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் சம்பவக் கணக்கில் சேராதவை. அவற்றை வெட்டினால் மிஞ்சுவது ஒரு வயது வித்தியாசக் காதல் கதை மட்டும். அதைப் படிப்பதைவிடப் படிக்காமலிருப்பது மேல்.

வாசிப்புக்குத் திரும்ப நினைப்பவருக்குச் சுருக்கம் தருவது முதலில் முடித்த நிறைவை. பல வருடங்களுக்குப் பிறகு ஒரு நூலின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிய அனுபவம் அடுத்த நூலை எடுக்க வைக்கிறது. இரண்டு மூன்று மாலைகளில் முடியும் நூலில் கதைமாந்தர்களின் பெயர்கள் மறப்பதில்லை, ஒரே மனநிலையில் தொடக்கமும் முடிவும் கைக்குள் இருக்கின்றன. பெரிய நாவலை மாதக்கணக்கில் இழுத்துப் படிப்பவர் இழப்பது இதைத்தான். முழு நூலுக்கான பயிற்சியாகவும் இது அமைகிறது. கதை எப்படி முடியும் என்ற பதற்றம் தீர்ந்தவர், மூலத்தின் கிளைக்கதையில் நிதானமாக உட்கார முடியும்.

அதற்கு நூல் கைக்கு வரும்போதே அது எத்தகையது என்று தெரிய வேண்டும். இங்கேதான் தமிழ்ப் பதிப்புலகத்தின் மேல் எனக்கு வருத்தம். உலக நாவல்களின் மொழிபெயர்ப்புகள் பல, சுருக்கம் என்று எங்கும் சொல்லாமலே சுருக்கப்பட்டு விற்பனையாகின்றன. எண்ணூறு பக்க நாவல் இருநூறு பக்கமாகியிருக்கும், முகப்பில் மூல ஆசிரியரின் பெயர் மட்டும் இருக்கும். படித்தவர் அந்த ஆசிரியரையே முழுதாகப் படித்துவிட்டதாக நம்புவார், அல்லது 'இதற்கா இவ்வளவு புகழ்?' என்று ஏமாந்துபோவார். இரண்டுமே அநியாயம். பிபிசி வானொலியில் 1949 முதல் இரவு நேரத்தில் நாவல்களைக் கால்மணி நேரப் பகுதிகளாகச் சுருக்கி வாசிக்கிறார்கள். எழுதியவர், வாசித்தவர் பெயர்களோடு சுருக்கியவர் பெயரையும் அறிவிக்கிறார்கள். நம் நூல்களின் உரிமைப் பக்கத்திலும் அந்த ஒரு வரி வேண்டும்: சுருக்கியவர் இன்னார். கூடவே, மூல ஆசிரியரின் வாக்கியங்களையே வைத்துக்கொண்டு வெட்டியதா, தம் சொற்களில் திரும்ப எழுதியதா, எந்தப் பகுதிகள் விடப்பட்டன என்று அரைப் பக்க முன்னுரை.

அந்த முன்னுரை வெறும் நேர்மைக்காக மட்டுமல்ல. விடப்பட்டது எது என்று தெரிந்த வாசகர் அதைத் தேடிப் போவார். பாரதத்தை ராஜாஜி வழியாகப் படித்து முடித்தவர், பதினெட்டுப் பருவங்களையும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயம் இல்லை. நூலகத்தில் சாந்தி பருவத் தொகுதியை மட்டும் கேட்டு வாங்கி, பீஷ்மரிடம் தருமர் என்னென்ன கேட்டார் என்று அங்கிருந்தே படிக்கத் தொடங்கலாம்.